ஐந்து வருஷக் கணக்கு

தபாலில் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து மேஜைமேல் வைத்திருந்தேன். மற்றவற்றுக்கெல்லாம் பதில் எழுதியாகிவிட்டது. இதற்கு மட்டும் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக நாலு நாள் ஓடிவிட்டது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார். பெயரும் ஊரும் நமக்கு வேண்டாம். கடிதத்தின் சாரம் இதுதான்:

"என் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வலது குதிகாலில் கறுப்பாக ஒரு தடம் இருந்தது. கால் ஆணி என்று நினைத்து இரண்டு வருஷமாகப் பிளேடால் சீவுவதும் சேராங்கொட்டையை வைத்துச் சுடுவதுமாக இருந்தாள். ஒரு நாள் அதிலிருந்து ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஆபரேஷன் செய்தார்கள். காகிதத்தில் 'மெலனோமா' என்று எழுதியிருந்தது. என் தம்பி செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, 'ஐந்து வருஷம் என்று போட்டிருக்கிறது அக்கா' என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அம்மாவுக்கு ஐந்தே வருஷந்தானா?"

இதற்கு நாலு வரியில் எப்படிப் பதில் எழுதுவது? எனக்குத் தெரிந்த புற்றுநோய் டாக்டர் ஒருவரிடம் போய், சந்தேகங்களையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் செங்கற்பட்டு வழியாக உத்திரமேரூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

வாசகி என்னை வைகுண்டப் பெருமாள் கோயில் வாசலில் சந்திப்பதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் அம்மா காதில் விழும்படி பேச முடியாதல்லவா? இந்தக் கோயிலின் சுவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்னால், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை இங்கேதான் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஓலை நறுக்குகளில் பெயர்களை எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறு பையனைக் கைவிட்டு எடுக்கச் சொல்வார்கள். யார் பெயர் வருமோ, அவர் சபைக்கு.

வாசகி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க அம்மா கதையும் இப்படித்தான் ஆயிடுச்சு. குடத்துல கைய விட்டு எடுத்தாச்சு. அஞ்சு வருஷம்னு ஓலை வந்துடுச்சு."

"அவசரப்படாதீர்கள்" என்றேன். "முதலில் அந்த ஐந்து வருஷக் கணக்கைப் பார்ப்போம்."

சகோதரிகளே, இந்தக் கணக்கு உங்களில் யாருக்கும் எந்தப் புற்றுநோய் விஷயத்திலும் குறுக்கே வரலாம். ஆகையால் அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நூறு பேர் ஒரே நாளில் ஓர் ஊரிலிருந்து நடந்து கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது மைல்கல் அருகே ஒருவர் நோட்டுப் புஸ்தகத்தோடு உட்கார்ந்து, எத்தனை பேர் அந்தக் கல்லைத் தாண்டினார்கள் என்று எண்ணுகிறார். எண்பது பேர் தாண்டினால் 80 என்று எழுதிக்கொள்கிறார். கல் இருக்கும் இடத்தில் சாலை முடிந்துவிடவில்லை. தாண்டியவர்கள் நடந்துகொண்டேதான் இருக்கிறார்கள். சிலர் பத்தாவது கல்லையும், சிலர் முப்பதாவது கல்லையும் கடப்பார்கள். டாக்டர்கள் சொல்லும் 'ஐந்து வருஷ விகிதம்' இதுதான். நோய் தெரிந்த நூறு பேரில் எத்தனை பேர் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடிருக்கிறார்கள் என்ற கணக்கு அது. எத்தனை வருஷம் இருப்பார்கள் என்ற கெடு அல்ல. வேறு காரணங்களால் இறப்பவர்களை நோயின் கணக்கில் சேர்த்துவிடாதபடி, அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் பெரும்பாலும் இந்த எண்ணைச் சொல்வது வழக்கம்.

வாசகி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ தம்பி படிச்சது தப்பா?" என்றார்.

"படித்தது சரி. புரிந்துகொண்டதுதான் தப்பு" என்றேன்.

இனி மெலனோமா என்ற நோய்க்கு வருவோம். நம் தோலுக்கு நிறம் கொடுப்பதற்கென்றே சில உயிரணுக்கள் இருக்கின்றன. அவை கட்டுக்கு அடங்காமல் பெருகினால் அதுவே மெலனோமா. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் வெள்ளையரிடையே இது மிகவும் அதிகம். வெளுத்த தோலில் உக்கிரமான வெயில் படுவதே அங்கே முக்கிய காரணம். நம் நாட்டிலோ வருஷத்துக்கு லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. நம் தோலின் கருமை நமக்கு இயற்கை பிடித்திருக்கும் குடை.

ஆனால் அந்தக் குடை மறைக்காத இடங்களும் உண்டு. நம்மவர்களுக்கு இந்த நோய் வந்தால், பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருகிறது. சில சமயம் வாய், மூக்கு, ஆசனவாய் ஆகியவற்றின் உள்தோலிலும் வரும். இதற்கும் வெயிலுக்கும் அதிக சம்பந்தம் இல்லை. நாம் பார்க்காத இடமாகப் பார்த்து அது உட்காருகிறது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

கோயில் திண்ணையில் உட்கார்ந்து, குடவோலையையே உதாரணமாக வைத்து வாசகிக்கு விளக்கினேன். எல்லோருக்கும் ஒரே குடம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று குடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நூறு ஓலை. அமெரிக்காவின் புற்றுநோய்ப் பதிவேடுகள் சொல்லும் கணக்கு இது. நோய் தோன்றிய இடத்திலேயே இருந்தால், முதல் குடம். அதில் 99 ஓலைகளுக்கு மேல் 'ஐந்தாம் கல்லைத் தாண்டினார்' என்றே எழுதியிருக்கும். பக்கத்து நெறிகளுக்குப் பரவியிருந்தால், இரண்டாவது குடம். அதில் அப்படிப்பட்ட ஓலை சுமார் 75. ஈரல், நுரையீரல், மூளை என்று தூரத்து உறுப்புகளுக்குப் போயிருந்தால், மூன்றாவது குடம். அதில் சுமார் 35.

எந்த ஓலை வரும் என்பது யார் கையிலும் இல்லை. ஆனால் எந்தக் குடத்தில் கைவிடுகிறோம் என்பது, பெரும்பாலும், எவ்வளவு சீக்கிரம் பார்த்தோம் என்பதைப் பொறுத்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதம், கை, நகம் ஆகிய இடங்களில் வரும் வகை சற்றுப் பொல்லாதது. 1986 முதல் 2005 வரையிலான அமெரிக்கப் பதிவுகளை ஆராய்ந்தபோது, தோல் மெலனோமா மொத்தத்தில் ஐந்து வருஷத்தைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 91 பேர். இந்த வகையில் மட்டும் 80 பேர். பத்து வருஷத்தைத் தாண்டியவர்கள் சுமார் 68 பேர். அமெரிக்காவில் இந்த நோய் கண்ட வெள்ளையர்களில் நூற்றுக்கு 94 பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டும்போது, கறுப்பினத்தவரில் சுமார் 70 பேர்தான் தாண்டுகிறார்கள். அபூர்வமாக வரும் நோய் என்பதால் ஒருவரும் சந்தேகிப்பதில்லை. சந்தேகிக்கும்போது நாளாகிவிடுகிறது.

இதற்கு உலகப் பிரசித்தமான சாட்சி ஒருவர் இருக்கிறார். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி. 1977-ல் அவருடைய வலது கால் பெருவிரல் நகத்தின் அடியில் இந்த நோய் இருப்பது தெரிந்தது. அதற்குமுன் கால்பந்து விளையாட்டில் பட்ட காயம் என்றே நினைத்திருந்தார்கள். விரலை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை. 1981 மே 11-ந் தேதி, முப்பத்தாறாவது வயதில் காலமானார். அவருக்குக் கால்பந்துக் காயம். நம் வாசகியின் அம்மாவுக்குக் கால் ஆணி. வியாதி ஒன்றுதான்.

"அப்படியானால் அம்மாவுக்கு எந்தக் குடம்?" என்று வாசகி கேட்டார். கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து நீட்டினார்.

அந்தக் காகிதத்தில் பார்க்கவேண்டிய முதல் விஷயம் ஆழம். அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க டாக்டர் 1970-ல் ஓர் உண்மையை எடுத்துச் சொன்னார். மெலனோமா எவ்வளவு அகலம் என்பதைவிட, தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே முக்கியம். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் மிகவும் நல்லது. நாலு மில்லிமீட்டரைத் தாண்டினால் கவலைக்குரியது. அரிசி மணியின் கனந்தான் வித்தியாசம்! வாழ்வும் சாவும் அந்தக் கனத்தில் இருக்கின்றன. மேல்தோல் வெடித்துப் புண்ணாகியிருக்கிறதா என்பதும் கணக்கில் சேரும்.

இரண்டாவது, நெறி. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? நோய் பரவத் தொடங்கினால் அது பெரும்பாலும் முதலில் போய்ச் சேருமிடம் அதுதான். வாசற் காவல்காரனைப் போல முன்னால் நிற்கும் அந்த நெறியை மட்டும் எடுத்துச் சோதித்துப் பார்க்கும் முறையை 1990-களில் கொண்டுவந்தார்கள்.

வாசகியின் அம்மாவுக்கு ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர். நெறியில் நோய் இல்லை. சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நல்ல தோலையும் சேர்த்து எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். முதல் குடம்! பாத வகை என்பதால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு முறை தவறாமல் போய்க் காட்ட வேண்டும். ஆனால் வீடு முழுதும் இழவு வீடாகக் கிடப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். நல்ல செய்தி கேட்டும் மனிதர்கள் அழுவதுண்டு.

வீட்டுக்குப் போனோம். அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "வாம்மா, பட்டணத்துலேருந்து வரியா? கால நீட்டிக்கிட்டு இருக்கேன்னு தப்பா நெனச்சுக்காதே. டாக்டரு உத்தரவு" என்றார். மகளை மோர் கொண்டு வரச் சொல்லி உள்ளே அனுப்பினார். பிறகு என் பக்கம் குனிந்து, "இதுங்க குசுகுசுன்னு பேசறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டிருக்குதுங்க. அந்த ஆஸ்பத்திரி வாசல்ல எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாதா எனக்கு? அது போகட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நவரைப் பட்டத்துக்கு நடவு இருக்குது. கழனியில எறங்கலாமா, கூடாதா?" என்றார்.

பார்த்தீர்களா! வீட்டார் இத்தனை நாள் எதை மறைத்தார்கள்? அவருக்குத் தெரிந்ததையே அவரிடமிருந்து மறைத்தார்கள். அவர் கேட்க விரும்பியதை ஒருவரும் கேட்க விடவில்லை. மோர்ச் செம்போடு வந்த மகளிடம், "அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அம்மாவையே கேட்கச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நோய் இரண்டாவது, மூன்றாவது குடத்துக்குப் போய்விட்டவர்கள் இதைப் படித்து மனமொடிந்துவிடக் கூடாது. நான் சொன்ன எண்களெல்லாம் சில வருஷங்களுக்கு முன் நோய் கண்டவர்களை எண்ணிச் சொன்னவை. வைத்தியம் அதற்குப் பிறகும் முன்னேறிக்கொண்டிருக்கிறது. 2011-க்கு முன்பெல்லாம் தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய மெலனோமா என்றால் பெரும்பாலோருக்கு ஒரு வருஷங்கூடக் கிட்டாது. அந்த ஆண்டிலிருந்து புதிய மருந்துகள் வரத் தொடங்கின. நம் உடம்பின் காவற்படையைத் தட்டி எழுப்பி நோயோடு போராட வைக்கும் மருந்துகள் அவை. அவற்றுக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிஸன், தசுகு ஹோஞ்ஜோ என்ற இரு விஞ்ஞானிகளுக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்துகளில் இரண்டைச் சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய பரிசோதனையில், முற்றிய நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 43 பேர் பத்து வருஷத்துக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள் என்று 2024-ல் அறிவித்தார்கள்.

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் கதையும் இதற்கு அத்தாட்சி. 2015 ஆகஸ்டில், அவருக்குத் தொண்ணூறு வயதாக இருந்தபோது, மெலனோமா ஈரலுக்கும் மூளைக்கும் பரவியிருப்பதாக அவரே அறிவித்தார். ஆபரேஷன், கதிர் வைத்தியம், புதிய மருந்து மூன்றும் நடந்தன. அந்த டிசம்பரிலேயே மூளையில் நோயின் அடையாளம் இல்லை என்றார்கள். அவர் மறைந்தது 2024 டிசம்பரில், தம் நூறாவது வயதில்! இந்த மருந்துகள் எல்லோருக்கும் இப்படிப் பலிப்பதில்லை. பாத வகையில் பலன் சற்றுக் குறைவு. விலையும் மிக அதிகம். ஆனாலும் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தெந்தச் சிகிச்சைக்கு உதவி உண்டு என்பதையும் ஆஸ்பத்திரியிலேயே விசாரியுங்கள்.

எங்கே போவது என்று தவிக்கவேண்டியதில்லை. காஞ்சிபுரத்துக் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் நினைவாக அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. உத்திரமேரூரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். சென்னையில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் கதை தெரியுமல்லவா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் அழுது தீர்த்துவிடவில்லை. முப்பது வருஷம் மனத்தில் சுமந்து, 1954-ல் அந்த ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். ஆரம்பத்தில் பன்னிரண்டே படுக்கைகள்தாம்!

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உள்ளங்காலில் கறுப்புப் புள்ளி இருந்தாலே பயந்துவிடாதீர்கள். நம் நிறத்தவர்களுக்கு அப்படிப்பட்ட புள்ளிகள் சகஜம். நகங்களில் கறுப்புக் கோடு விழுவதும் சகஜம். பெரும்பாலானவை வெறும் மச்சங்களே. கவனிக்கவேண்டியது மாறுதலைத்தான். பெரியவளான பிறகு புதிதாக வந்த புள்ளி வளர்கிறதா? ஒரு பாதி ஒரு மாதிரியும் மறு பாதி வேறு மாதிரியும் இருக்கிறதா? ஓரம் சிதறிய மை போல இருக்கிறதா? கறுப்பு, பழுப்பு, நீலம் என்று நிறம் கலந்திருக்கிறதா? ரத்தம் கசிகிறதா? ஒரே ஒரு நகத்தில் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே போகிறதா? அந்தக் கருமை நகத்தைத் தாண்டிச் சுற்றுத் தோலிலும் படர்கிறதா? சில சமயம் கறுப்பே இல்லாமல், ஆறாத சிவந்த புண்ணாகவும் இது வரும். சர்க்கரைப் புண் என்றோ, ஆணி என்றோ நினைத்து வைத்தியம் செய்தும் ஒரு மாதத்தில் ஆறவில்லையானால், டாக்டரிடம் காட்டுங்கள்.

அதற்கு முன் பிளேடு, சுண்ணாம்பு, சேராங்கொட்டை ஒன்றும் வேண்டாம். புண் உருமாறிப் போனால் டாக்டருக்கும் அடையாளம் தெரியாது. 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வாள். சிறிது சதையை எடுத்துச் சோதிப்பதால் இந்த நோய் பரவுவதில்லை. சோதிக்காமல் வைத்திருந்தால்தான் பரவுகிறது.

மாதம் ஒரு நாள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல் இடுக்குகளையும் பாருங்கள். மருதாணி வைப்பதற்கு முன்பும், நகப் பூச்சைத் துடைத்த பின்பும் ஒரு நிமிஷம் பாருங்கள். வயதானவர்களால் குனிந்து பார்க்க முடியாது. அது உங்கள் வேலை. பண்டிகை நாளில் அம்மா காலிலும் மாமியார் காலிலும் விழுந்து ஆசி வாங்குகிறோம். பாதத்தின் மேற்புறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அடிப்புறத்தை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்?

போன வாரம் உத்திரமேரூரிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. அம்மா டாக்டரிடம் தானே கேட்டாராம். ஒட்டிய தோல் பதமாக இருப்பதால் நவரைக்குச் சேற்றில் இறங்கக் கூடாது. மெத்தென்ற செருப்புப் போட்டு வரப்பில் நடக்கலாம். சொர்ணவாரிப் பட்டத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம் டாக்டர்.

"இப்போது அம்மா வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்" என்று எழுதியிருக்கிறார் வாசகி. "நடவு முடிந்து வாய்க்காலில் கால் கழுவுகிற பெண்களையெல்லாம் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்க்கிறாள். ஒருத்திக்கு ஏதோ கறுப்பாக இருக்கிறது என்று விரட்டி விரட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். டாக்டர் பார்த்துவிட்டு, அது நிஜமாகவே கால் ஆணிதான் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதில் எத்தனை சந்தோஷம், தெரியுமா!"